ஓவன் திருகில் நான்கு கைகள்

ஒரே ஓவனுக்குள், ஒரே நேரத்தில், கோழி பச்சையாகவும் அதன் அடியில் விரித்த காகிதம் கரியாகவும் எப்படி இருக்க முடியும்?

இந்தக் கதையை முதலில் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் வெப்பத்தைப் பற்றி ஒரு பாடம் முழுக்கப் படித்தேன், தேர்வு எழுதினேன், தேறியும் விட்டேன். அப்படியும் தெரியவில்லை. இப்போது தெரியும். அந்தப் பெருமை பாடத்துக்குச் சேராது, மைக் அக்காவுக்கும் அவள் குடும்பத்துக்கும்தான் சேரும்.

மைக் அக்கா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். நிலையத்தின் மாடியில் ஒரு கண்ணாடி அறை. அதற்குள் பஞ்சு பிதுங்கும் ஒரு நாற்காலி, ஒரு மைக், தேநீர் வைத்த ஒரு ஃபிளாஸ்க். அங்கே உட்கார்ந்து அவள் வாயைத் திறந்தால் கீழே இருக்கும் கூட்டம் அப்படியே நின்று கேட்கும். மூட்டை தூக்கியவர் தூக்கியபடி நிற்பார். அழுகிற குழந்தை அழுகையைக் கொஞ்சம் ஒத்திவைக்கும். அப்படி ஒரு குரல். வேலை முடிந்து படியிறங்கும்போது அந்தக் குரலை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வருவாள். வீட்டில் பேசுவது வேறு குரல், பாத்திரம் உருட்டுகிற குரல்.

அவள் கணவர் அதே நிலையத்தில் பேருந்து ஓட்டுகிறவர். வீட்டில் உட்பட எல்லோருக்கும் அவர் டிரைவர்தான். அவர் அவளைப் பார்ப்பதற்கு முன்பே அவள் குரலைக் கேட்டுவிட்டார். "உங்க குரலுக்காகத்தான் நான் தினம் நேரத்துக்கு வண்டி எடுக்கிறேன்" என்று சொல்லித்தான் பெண் கேட்டார். அது பச்சைப் பொய் என்று அவளுக்குத் தெரியும். அவர் வண்டி தாமதமாகப் புறப்படும் என்று தினமும் ஊருக்கே அறிவித்தவள் அவள்தானே. இருந்தாலும் கட்டிக்கொண்டாள்.

இந்தத் தாமதத்துக்கு வைத்தியமாக டிரைவர் வீட்டுக் கடிகாரத்தைக் கால் மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார். கடிகாரம் எட்டு காட்டினால் நிஜத்தில் ஏழே முக்கால்தான் ஆகியிருக்கும். வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும் என்பதால் எல்லோரும் மனசுக்குள் கால் மணி கழித்துக்கொண்டார்கள். உடனே டிரைவர் இன்னும் ஐந்து நிமிடம் தள்ளினார். அவர்கள் இன்னும் ஐந்து கழித்தார்கள். கடைசியில் அந்த வீட்டில் சரியான நேரம் யாருக்குமே தெரியாமல் போனது. ஊருக்கெல்லாம் நேரம் சொல்கிற மைக் அக்கா, வீட்டில் மணி என்ன என்று தெரிந்துகொள்ள ஜன்னல் வழியாக எதிர் வீட்டு டி.வி.யை எட்டிப் பார்ப்பாள்.

இந்தக் கடிகாரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வீட்டில் இன்னும் இரண்டு பேர். ஒருத்தி மகள். பரிசோதனைக் கூடத்தில் வேலை, அளக்காமல் எதையும் நம்பமாட்டாள். இன்னொருவர் டிரைவரின் தம்பி. ஃபிரிட்ஜ் பழுது பார்க்கிறவர், கழற்றாமல் எதையும் நம்பமாட்டார். ஒருமுறை, நன்றாக வேலை செய்துகொண்டிருந்த இஸ்திரிப் பெட்டியை "இன்னும் நல்லா வேலை செய்ய வைக்கிறேன்" என்று பிரித்தார். திரும்பப் பூட்டியபோது மூன்று ஸ்க்ரூ மிஞ்சியது. அதிலிருந்து அந்த வீட்டில் சுருக்கமில்லாத சட்டையைப் பார்க்க முடியவில்லை. "நம்ம வீட்டுல எதையும் தொட்டீங்கன்னா தம்பி, சாப்பாடு கிடையாது" என்று மைக் அக்கா அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டாள்.

ஓவன் அந்த வீட்டுக்கு வந்ததற்குக் காரணம் டிரைவரின் இதயம். மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டி, "பொரிச்சது எதுவும் இனிமே வாயில படக்கூடாது" என்று சொன்னார். டிரைவர் ஒரு வாரம் துக்கம் விசாரிக்கப் போனவர் மாதிரி வேகவைத்த கோழியைத் தின்றார். அடுத்த வாரம் வேலை முடிந்ததும் நிலையத்துக்குப் பக்கத்துப் பொரித்த கோழிக் கடையில் உட்கார்ந்துவிட்டு, வீட்டுக்கு வந்து "பசியில்ல" என்றார். மீசையில் மினுங்கிய எண்ணெய் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

"அந்த மொறுமொறுப்பு இல்லாம என்னால முடியலம்மா" என்று கடைசியில் உண்மையைச் சொன்னார். "தோல் பல்லுல பட்டா சத்தம் கேக்கணும். சத்தம் கேக்காத கோழி, கோழியா?"

அதற்குப் பிறகுதான் ஓவன் வந்தது. ஒரு கரண்டி எண்ணெய் தடவி, ஓவனில் வேகவைத்து, கடைசியில் மேல்பக்கத்துக் கம்பியை மட்டும் சிவக்கவிட்டால் போதும். திருகில் கிரில் என்று போட்டிருக்கிற அந்தச் சூடு தலைக்கு மேலிருந்து இறங்கும். தோல் அப்பளம் மாதிரி நொறுங்கும். முதல் துண்டைக் கடித்ததும் டிரைவரின் கண் கலங்கிவிட்டது. மறுநாளே கடைக்குப் போவதை நிறுத்தினார். வேலை முடிந்தால் நேரே வீடு. ஆக, அந்த ஓவன் இருக்கும்வரை டிரைவர் மருத்துவர் சொன்னபடி இருப்பார், ஓவன் போனால் அவர் கடைக்குப் போவார். மைக் அக்காவுக்கு விஷயம் அவ்வளவு சுருக்கமாகத்தான் தெரிந்தது.

அவ்வளவு முக்கியமான பொருளை அவள் ஓட்டிய விதம்தான் சரியில்லை.

அவர்கள் இருந்தது அடுக்குமாடிக் கட்டடம். ஒவ்வொரு வீட்டுக் கூரையிலும், புகை பட்டால் அலறுகிற புகை மணி உண்டு. ஒரு வீட்டில் மணி அடித்தால் கட்டடம் முழுக்க அடிக்கும். எல்லோரும் படியிறங்கி வாசலில் நிற்க வேண்டும், அதுதான் விதி.

முதல் தடவை மணி அடிக்கக் காரணம், நிலையத்தில் பயணச்சீட்டு தருகிற தோழி. "கிரில் போட்டா கதவைக் கொஞ்சம் திறந்து வைக்கணும்டி" என்று அவள் சொல்லியிருந்தாள். அவள் வீட்டு ஓவனுக்கு அது சரி. மைக் அக்காவின் ஓவன் கதவை மூடி வைத்தே கிரில் செய்கிற வகை. எல்லா ஓவனும் ஒரே மாதிரிதான் என்று நினைத்துக் கதவைத் திறந்து வைத்தாள். புகை, விருந்தாளி மாதிரி நடந்து போய் மணியைத் தட்டியது. எட்டு மாடியும் இறங்கியது. ஒருவர் துண்டோடு வந்தார். துண்டு இருந்ததே என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள்.

இரண்டாவது தடவை, சீக்கிரம் ஆகட்டும் என்று தட்டை உச்சியிலிருந்த கம்பிக்கு முட்டுக்கொடுக்கிற மாதிரி வைத்துவிட்டு, பால்கனிக்குப் போய் தன் அக்காவோடு போனில் பேசினாள். கிரிலில் நிமிடக்கணக்குதான். அது பேருந்து மாதிரி தாமதமாக வராது. உள்ளே கொழுப்பு தெறித்துச் சிவந்த கம்பியில் பட்டுப் புகைந்தது. அவள், "அப்புறம் என்னாச்சு சொல்லு, சொல்லு" என்று கேட்டுக்கொண்டிருந்தபோது எட்டு மாடியும் மறுபடி இறங்கியது.

இந்த முறை குடியிருப்புச் சங்கத்தின் செகரட்டரி பாதி முகம் சவரம் செய்து, பாதி முகத்தில் நுரையோடு வாசலில் நிற்க வேண்டியதாயிற்று. எல்லோரும் அவர் முகத்தின் அந்தப் பக்கத்தைப் பார்ப்பதா இந்தப் பக்கத்தைப் பார்ப்பதா என்று தெரியாமல் ஆகாயத்தைப் பார்த்தார்கள். அவர் நுரையைத் துடைக்காமலே தீர்ப்புச் சொன்னார்.

"இன்னொரு தடவை உங்க வீட்டால மணி அடிச்சா அந்த ஓவன் கீழ இறங்கணும். இல்லன்னா நீங்க இறங்கணும். ரெண்டுல ஒண்ணு."

மைக் அக்காவுக்கு முகம் சிவந்தது. "ஞாயித்துக்கிழமை மத்தியானம் எங்க வீட்டுக்குச் சாப்பிட வாங்க சார். உங்க கண் முன்னாலயே சமைக்கிறேன். மணி அடிச்சா நீங்களே தூக்கிட்டுப் போங்க."

டிரைவர் அவள் முழங்கையைக் கிள்ளினார். சொல் வெளியே போய்விட்டது. மைக்கில் சொன்னதைத் திரும்ப எடுக்க முடியாது என்று அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் ஓவன் பேச்சுதான். மகள் ஓவனோடு வந்த புத்தகத்தை முதல்முறையாகத் திறந்தாள். அதுவரை அது ஆட்டம் கண்ட கட்டிலின் காலுக்கு அடியில் இருந்தது. புத்தகத்தை எடுத்ததும் கட்டில் ஆடியது, சித்தப்பாவுக்குத் தூக்கம் போனது. அவள் கண்டதைச் சத்தமாக வாசித்தாள். கிரில் போடும்போது கண்ணாடிப் பாத்திரம் ஆகாது, வெடிக்கும். கதவு மூடியிருக்கட்டும். தட்டு கம்பியிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். ஓவன் பக்கத்தை விட்டு நகரக்கூடாது. கொழுப்பு வடிய ஆழமான தட்டு வேண்டும். போன தடவை வடிந்ததை இந்தத் தடவை சுடுவதற்கு முன் துடைத்திருக்க வேண்டும்.

"இவ்வளவும் கட்டில் காலுக்கு அடியிலயா இருந்திச்சு?" என்றார் டிரைவர்.

மகள் அதோடு விடவில்லை. ஓவனுக்குள் தொங்கவிடுகிற ஒரு தெர்மாமீட்டரை வாங்கி வந்தாள். திருகை இருநூறில் வைத்து, சூடேறுவதைக் காட்டும் விளக்கு அணையும்வரை காத்திருந்து, இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்து, கண்ணாடி வழியே பார்த்தாள். உள்ளே இருநூற்று முப்பது.

"அம்மா, ஓவன் பொய் சொல்லுது."

"எவ்வளவு?"

"முப்பது டிகிரி. நாம கேக்கறதவிட எப்பவும் முப்பது அதிகமா குடுக்குது."

"நம்ம கடிகாரம் மாதிரி" என்றார் டிரைவர், கொஞ்சம் பாசத்தோடு.

"அப்போ முப்பது கழிச்சுத் திருகணும். அவ்வளவுதானே?" என்றாள் மைக் அக்கா. கழிப்பதில் அந்த வீட்டுக்குப் பல வருடப் பயிற்சி உண்டு.

கொழுந்தன் மட்டும் மெல்ல இருமினார். "அண்ணி, கழிக்கவே வேணாம். இந்தத் திருகைப் பிடிச்சு இழுத்தா வெளிய வரும். பின்னாடி ரெண்டு சின்ன ஸ்க்ரூ இருக்கு. லூஸ் பண்ணி வட்டத்தைக் கொஞ்சம் நகர்த்தினா…"

"தம்பி."

"சரி அண்ணி."

"இஸ்திரிப் பெட்டி ஞாபகம் இருக்குல்ல?"

"சரின்னுதான் சொன்னேனே அண்ணி."

சரி என்று சொன்னவர், வியாழக்கிழமை வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, சுவிட்சை அணைத்து, ஓவன் ஆறிவிட்டதா என்று தொட்டுப் பார்த்து, திருகைக் கழற்றினார். இரண்டு ஸ்க்ரூவைத் தளர்த்தினார், வட்டத்தை ஒரு கோடு நகர்த்தினார், திரும்ப இறுக்கினார். ஒரு ஸ்க்ரூகூட மிஞ்சவில்லை. தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தார். இருநூறு என்றால் உள்ளேயும் இருநூறு. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் அந்த வீட்டில் ஒன்றை உருப்படியாகச் சரிசெய்திருந்தார். அதை யாரிடமும் சொல்லவும் முடியாது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு அமோகமாக அமைந்து எல்லோரும் கைதட்டும்போது எழுந்து நின்று சொல்லலாம் என்று ஆசையோடு வாயை மூடிக்கொண்டார்.

இதுவரை உலகத்தில் ஒருவருக்குத்தான் தெரியும், அந்த ஓவன் இப்போது உண்மை பேசுகிறது என்று.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மைக் அக்கா ஓவனுக்குள் மூக்கை விட்டுத் துடைத்துப் பளபளப்பாக்கினாள். தொங்கிய தெர்மாமீட்டரை எடுத்து இழுப்பறைக்குள் போட்டாள். "அவர் பாத்தா என்ன நினைப்பாரு? ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு." கோழிக் கால்களுக்குப் பூண்டும் மிளகும் உப்பும் எலுமிச்சையும் தடவி, பாதியைத் தட்டில் அடுக்கி, மீதியை இரவுக்கு ஃபிரிட்ஜில் வைத்தாள். தட்டின் அடியில், ஓவனுக்கென்றே விற்கிற பேக்கிங் பேப்பரை விரித்தாள். அது தட்டைக் கழுவுகிற வேலையை மிச்சப்படுத்தும் என்று மகள்தான் பழக்கியிருந்தாள். வேகவைக்கும்வரை அந்தக் காகிதத்தால் எந்தத் தொல்லையும் இல்லை.

அவளுக்கு வேண்டியது இருநூற்று இருபது. முப்பதைக் கழித்து நூற்றுத் தொண்ணூறில் வைத்தாள். வாசல் மணி அடித்தது. செகரட்டரி. முகம் முழுக்கச் சவரம் செய்திருந்தார்.

அவள் அவரை வரவேற்கப் போன இடைவெளியில் மகள் அடுப்படிக்குள் வந்தாள். திருகைப் பார்த்தாள். நூற்றுத் தொண்ணூறு. புத்தகத்தில் கோழிக்குப் போட்டிருந்தது அதே நூற்றுத் தொண்ணூறுதான். 'அம்மா புத்தகத்தைப் பாத்து அப்படியே வச்சிட்டா, கழிக்க மறந்துட்டா' என்று தலையில் அடித்துக்கொண்டு முப்பதைக் குறைத்தாள். விருந்தாளி முன்னால் அம்மாவின் மானத்தைக் காப்பாற்றிய திருப்தியோடு வெளியே வந்தாள்.

அடுத்து டிரைவர் தண்ணீர் குடிக்க வந்தார். அவருக்குப் புத்தகமும் தெரியாது, கணக்கும் தெரியாது, பயம் மட்டும் தெரியும். மேட்டிலிருந்து இறங்கும்போது தேவையில்லாவிட்டாலும் பிரேக்கைத் தொட்டுப் பார்க்கிற கால் அவருடையது. அதே மனசோடு திருகை இன்னொரு இருபது இறக்கினார். யாரும் பார்க்கவில்லை.

கடைசியாகக் கொழுந்தன் எட்டிப் பார்த்தார். நூற்று நாற்பது. தான் திருத்திய பிறகு நூற்று நாற்பது என்றால் உண்மையாகவே நூற்று நாற்பதுதான். 'என்னமோ மெதுவா வேகவைக்கிற புது முறை போல. அண்ணிக்குத் தெரியாததா' என்று நினைத்துக்கொண்டு, பேசாமல் போனார். வாயைத் திறக்க வேண்டிய ஒரே நேரத்தில் அவர் வாயை மூடிக்கொண்டார்.

கூடத்தில் செகரட்டரி, சரியாகப் புகை மணிக்கு நேர் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மணியைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் குழம்பினார்.

"உங்க கடிகாரம்…"

"கழிச்சுக்கணும் சார்" என்றார்கள் நான்கு பேரும் ஒரே குரலில்.

"எவ்வளவு?"

"பதினஞ்சு" என்றாள் மகள். "இருபது" என்றார் டிரைவர். கொழுந்தன், "பத்துன்னு நினைச்சேன்" என்றார். செகரட்டரி இன்னொரு முறை மணியைப் பார்த்துக்கொண்டார்.

குறித்த நேரம் வந்தது. மைக் அக்கா கையுறையை மாட்டிக்கொண்டு, முகத்தில் புன்னகையையும் மாட்டிக்கொண்டு, ஓவன் கதவைத் திறந்தாள். கோழி அப்போதுதான் குளித்துவிட்டு வந்த மாதிரி வெளுத்துப்போய்க் கிடந்தது. கத்தியால் குத்தினாள். இளஞ்சிவப்பாக நீர் வடிந்தது.

"ஆச்சாம்மா?" என்றது கூடத்துக் குரல். பசிக் குரல்.

"இதோ சார், கடைசிக் கட்டம்!"

திருகைப் பார்த்துவிட்டு ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும், எல்லாம் புரிந்திருக்கும். ஆனால் ஒரு பேருந்து தாமதமானால் அடுத்ததை வேகமாக விடுவதுதான் அவளுக்குத் தெரிந்த தொழில். தட்டை உச்சிக்குத் தூக்கினாள். கிரிலைப் போட்டாள். இருப்பதிலேயே பெரிய சூட்டில் வைத்தாள். கதவை மூடினாள். இந்த முறை போன் இல்லை, பால்கனி இல்லை. ஓவன் முன்னாலேயே குந்தி உட்கார்ந்து பார்த்தாள். கதவு, பக்கத்தில் இருப்பது, ஆழமான தட்டு என்று புத்தகம் சொன்னதைச் செய்தாள். ஒரு சாண் இடைவெளியையும் அடியிலிருந்த காகிதத்தையும் மட்டும் மறந்தாள்.

வேகவைக்கும்போது சாதுவாக இருந்த அந்தக் காகிதம், தலைக்கு மேல் கம்பி சிவந்ததும் சுயரூபத்தைக் காட்டியது. தட்டின் ஓரத்தில் தூக்கிக்கொண்டிருந்த முனை பழுப்பானது, சுருண்டது, கம்பியை எட்டித் தொட்டது. பொசுக்கென்று பற்றியது. அடியில் வடிந்திருந்த கொழுப்பும் சேர்ந்துகொண்டது. கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு நாக்கு எழுந்து நின்றது.

"தீ!" என்று கத்தினார் டிரைவர். கத்திய கையோடு ஜக்கில் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"கதவைத் திறங்க அண்ணி, தட்டை வெளிய இழுத்துடறேன்!" என்று கொழுந்தன் கைப்பிடியை நோக்கிப் பாய்ந்தார்.

"திறந்து பாருங்க, என்னன்னு பாருங்க!" என்று செகரட்டரியும் கூடத்திலிருந்து எழுந்து வந்தார்.

அப்போதுதான் அந்தக் குரல் வந்தது. இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டிய குரல், வீட்டுக்குள் ஒருபோதும் கேட்காத குரல்.

"அனைவரும் கவனிக்கவும். ஓவன் கதவை யாரும் திறக்க வேண்டாம். தண்ணீருடன் வருபவர் அங்கேயே நிற்கவும். ஜன்னல் அருகே இருப்பவர் ஜன்னலைத் திறக்கவும்."

எல்லோரும் அப்படியே நின்றார்கள். டிரைவரின் கால் தரையில் ஒட்டிக்கொண்டது. அந்தக் குரல் நில் என்றால் இருபது வருடமாக நிற்கிற கால் அது. கொழுந்தனின் கை கைப்பிடிக்கு ஒரு விரல் தூரத்தில் உறைந்தது. மகள் ஜன்னலைத் திறந்தாள். மைக் அக்கா திருகை அணைத்தாள், சுவர் சுவிட்சையும் அணைத்தாள், ஓரடி பின்னால் வந்தாள்.

"மூடி இருந்தா காத்து கிடைக்காது. காத்து இல்லன்னா அதுவே செத்துப்போகும்" என்றாள், இப்போது வீட்டுக் குரலில். "திறந்தோம்னா நம்ம முகத்துலதான் வந்து விழும். கொழுப்புத் தீ மேல தண்ணி ஊத்தினா வீடு முழுக்கத் தெறிக்கும். புத்தகத்துல அதுவும் இருந்திச்சு."

நாக்கு தாழ்ந்தது, நீலமானது, கரைந்தது. உள்ளே இருட்டு. ஆனால் கதவின் மேல் விளிம்பிலிருந்து ஒரு நூல் அளவுக்குப் புகை கசிந்து, எந்த அவசரமும் இல்லாமல் கூடத்துப் பக்கம் நடந்தது. ஐந்து பேரும் அது போகிற வழியைப் பார்த்தார்கள். அது மணியை நோக்கிப் போனது.

மைக் அக்கா ஓவனைப் பார்க்கவில்லை. டிரைவரைப் பார்த்தாள். கையில் ஜக்கோடு நின்ற அந்த மனிதரின் மீசையில் நாளைக்கே எண்ணெய் மினுங்குவது அவளுக்குத் தெரிந்தது.

அந்த நேரத்தில் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. செகரட்டரி தடாலென்று தன் நாற்காலி மேல் ஏறினார். மேசையில் கிடந்த செய்தித்தாளை எடுத்து மடித்து, மணிக்கு முன்னால் விசிறத் தொடங்கினார். மணி அடித்தால் எட்டு மாடியும் இறங்கும். இறங்கினால், ஊருக்கெல்லாம் சட்டம் சொன்னவர் குற்றம் நடந்த வீட்டில் விருந்து சாப்பிட உட்கார்ந்திருந்தது தெரியவரும். அவர் விசிறிய வேகத்தில் புகை வழி தவறி ஜன்னல் பக்கம் திரும்பியது.

மணி அடிக்கவில்லை.

பிறகு மைக் அக்கா குனிந்து, அணைத்த திருகைப் பார்த்தபடி கேட்டாள். "நான் நூத்தித் தொண்ணூறுல வச்சேன். அவ்வளவு நேரம் இருந்தும் கோழி ஏன் வேகல? யார் தொட்டது?"

"நான் முப்பது கொறச்சேம்மா. நீ மறந்துட்டேன்னு நினைச்சேன்" என்றாள் மகள்.

"நான் ஒரு இருபது" என்றார் டிரைவர் ஜக்குக்குப் பின்னால் இருந்து. "சும்மா… ஒரு பாதுகாப்புக்கு."

எல்லோரும் கொழுந்தனைப் பார்த்தார்கள்.

"நான் ஒண்ணும் கொறைக்கல அண்ணி" என்றார் அவர். "நான் சரி பண்ணேன். வியாழக்கிழமை. ஒரு ஸ்க்ரூகூட மிஞ்சல."

செகரட்டரி நாற்காலி மேலேயே நின்று விரல் விட்டுக் கணக்குப் போட்டார். இருநூற்று இருபது வேண்டிய கோழிக்கு நூற்று நாற்பது. அவர் மெதுவாகக் கீழே இறங்கினார்.

"இந்த வீட்டுல உண்மை பேசினது அந்த ஓவன் ஒண்ணுதான். அதையும் மூணு பேர் நம்பல."

ஓவன் நன்றாக ஆறும்வரை ஒருவரும் கதவைத் தொடவில்லை. ஆறியதும் திறந்தார்கள். காகிதம் கரி, கோழி பச்சை. எல்லாவற்றையும் குப்பையில் போட்டு, தட்டையும் ஓவனையும் துடைத்தார்கள். இரவுக்கென்று ஃபிரிட்ஜில் இருந்த மீதிக் கோழியை எடுத்தாள் மைக் அக்கா. தெர்மாமீட்டரை இழுப்பறையிலிருந்து மீட்டுத் தொங்கவிட்டாள். இருநூற்று இருபதில் வைத்தாள். எதையும் கழிக்கவில்லை. உள்ளேயும் இருநூற்று இருபது காட்டியது. அவள் கொழுந்தனை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு இஸ்திரிப் பெட்டி மன்னிக்கப்பட்டது.

இந்த முறை காகிதமே இல்லை. வெறும் இரும்புத் தட்டு, ஓவனின் நடு அடுக்கில். வெந்து முடிந்ததும் எலும்பு ஓரத்தில் கீறி, சிவப்பு இல்லை, நீர் தெளிவாக வருகிறது என்று பார்த்த பிறகுதான் மேலே ஏற்றினாள், அதுவும் கம்பியிலிருந்து ஒரு சாண் இடம் விட்டு. கிரிலைப் போட்டு, கதவை மூடி, முன்னால் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தாள். போன் அடித்தது, எடுக்கவில்லை. மற்ற மூன்று பேரும் அடுப்படி வாசலில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

செகரட்டரி முதல் துண்டைக் கடித்தார். சத்தம் கேட்டது. டிரைவர் கடித்தார். இன்னும் பெரிய சத்தம் கேட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மூன்று துண்டு முடித்துக் கை கழுவிவிட்டுச் செகரட்டரி தொண்டையைச் செருமினார். "நான் என்ன சொன்னேன்? மணி அடிச்சா ஓவன் போகணும்னு சொன்னேன். மணி அடிச்சுதா?"

"நீங்கதானே சார் விசிறினீங்க" என்றார் டிரைவர், வெகுளியாக.

அந்தக் குடும்பம் முழுவதும் அவரை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தது. செகரட்டரியின் காது சிவந்தது.

"காத்து வாங்கினேன்" என்றார் அவர். "ஓவன் இருக்கட்டும். ஆனா ஒரு நிபந்தனை. அந்தத் திருகை ஒருத்தர்தான் தொடணும். யாருன்னு நீங்களே முடிவு பண்ணுங்க. யாரு வேணா, இவர் வேணாம்." டிரைவரைக் காட்டினார்.

அவர் போனதும் மைக் அக்கா நாற்காலி மேல் ஏறிச் சுவர்க் கடிகாரத்தை இறக்கினாள். எதிர் வீட்டு டி.வி.யை எட்டிப் பார்த்து முள்ளைச் சரியான நேரத்தில் வைத்தாள். "இந்த வீட்டுல இனிமே எதையும் யாரும் கழிக்க வேணாம். இருக்கறது இருக்கறபடி காட்டட்டும்."

மறுநாள் காலையில் நான்கு பேரும் பழக்கதோஷத்தில் அவரவர் கணக்கைக் கழித்துவிட்டு நிதானமாகக் கிளம்பினார்கள். நான்கு பேருக்கும் தாமதம். பேருந்து நிலையத்தில் அன்று முதல் அறிவிப்பை மேலாளரே கரகரத்த குரலில் செய்ய வேண்டியதாயிற்று. மூட்டை தூக்கியவர்கள் நிற்கவில்லை. குழந்தைகள் அதிகமாக அழுதன. மூச்சிரைக்க மாடியேறி வந்த மைக் அக்கா மைக்கை வாங்கி, முதல் வேலையாக ஒரு வண்டி தாமதமாகப் புறப்படும் என்று அறிவித்தாள். யாருடைய வண்டி என்று சொல்லத் தேவையில்லை.

ஓவன் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. டிரைவர் வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வருகிறார். போன மாதம் மருத்துவர் புதுப் படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே" என்றாராம். புத்தகம் மறுபடி கட்டில் காலுக்குப் போகவில்லை. கட்டில் இன்னும் ஆடுகிறது.

உங்கள் வீட்டில் ஓவன் இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஒரே திருகை, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல், நான்கு பேர் நல்ல மனசோடு திருத்துகிற வீடு ஒன்றாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்தக் கதையை அந்த வீட்டில் போய்ச் சொல்லுங்கள். முடிந்தால் சாப்பாட்டு நேரத்தில், எல்லோரும் கூடியிருக்கும்போது சொல்லுங்கள். ஒன்றே ஒன்று: கேட்டபடியே சொல்லுங்கள். நான் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பேன் என்று நினைத்து நீங்கள் ஒரு முப்பதைக் கழித்துவிடாதீர்கள்.